வேட்டைச் சமூகங்களில் சமத்துவம் தானாக வந்ததல்ல

கேள்வி இது: "வேட்டையாடியும் கிழங்கு, பழம், தேன் சேகரித்தும் வாழ்ந்த மக்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் உழைத்தார்கள் என்றும், சண்டை சச்சரவின்றி எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்றும் படித்தேன். இதில் எவ்வளவு உண்மை? மானுடவியலாளர்கள் இதையெல்லாம் எப்படிக் கண்டறிந்தார்கள்?"

அந்த மூன்று மணி நேரக் கணக்குக்கு ஓர் இடமும் ஒரு மாதமும் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன். இடம், போட்ஸ்வானாவின் வடமேற்கு ஓரத்தில் நமீபிய எல்லையை ஒட்டியிருக்கும் டோபே என்ற நீர்நிலை. மாதம், 1964 ஜூலை. கலஹாரி பாலைநிலத்தில் ஜுஹோன்சி என்ற வேட்டைச் சமூகத்தினருடன் தங்கியிருந்த ரிச்சர்ட் லீ என்ற இளம் ஆய்வாளர், நான்கு வாரம் விடாமல் ஒரு நாட்குறிப்பு எழுதினார். காலையில் யார் யார் உணவு தேடப் போனார்கள், யார் யார் முகாமிலேயே இருந்துவிட்டார்கள், திரும்பியவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்பதுதான் அதில் இருந்தது. வந்துசேர்ந்த இறைச்சியையும் கொட்டைகளையும் எடை போட்டார். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, வளர்ந்த ஒருவர் உணவு தேட வாரத்துக்கு இரண்டரை நாளுக்கும் சற்றுக் குறைவாகவே செலவிட்டிருந்தார். வாரம் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் அது நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. கிடைத்த உணவை முகாமில் இருந்த எல்லோருக்கும் வகுத்தால், தலைக்கு நாளொன்றுக்கு 2,140 கலோரியும் 93 கிராம் புரதமும் வந்தன.

இந்தக் கணக்கு எடுக்கப்பட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போட்ஸ்வானாவில் அப்போது கடும் வறட்சி. லட்சக்கணக்கில் மாடுகள் செத்தன. நாட்டு மக்களில் முப்பது சதவீதத்துக்கும் அதிகமானோர் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் தந்த நிவாரணத்தை நம்பியிருந்தார்கள். டோபே பகுதியில் மாடு வளர்த்து வாழ்ந்த ஹெரேரோ பெண்கள், ஜுஹோன்சிப் பெண்களோடு சேர்ந்து காட்டுணவு தேடப் போனார்கள். பயிரும் மாடும் கைவிட்ட பருவத்தில் காடு சோறு போட்டது.

அதற்கு முதற்காரணம் மொங்கோங்கோ என்ற மரம். மணல்மேடுகளின் முகட்டில் தோப்புத் தோப்பாக வளரும் இந்த மரத்தின் பழத்துக்குள் கல்போல் கெட்டியான ஒரு கொட்டை இருக்கும். அதை உடைத்தால் கொழுப்பும் புரதமும் நிறைந்த பருப்பு. மழை பொய்த்தாலும் மரம் காய்ப்பதை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. விழுந்த கொட்டைகள் பல மாதம் கெடாமல் தரையில் கிடக்கும். உலகில் இத்தனை மொங்கோங்கோ கொட்டைகள் இருக்கும்போது எதற்காகப் பயிர் செய்ய வேண்டும் என்று ஜுஹோன்சி ஒருவர் லீயிடம் கேட்டார். மானுடவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் வாசகங்களில் இதுவும் ஒன்று.

1966இல் சிகாகோவில் லீயும் அர்வென் டிவோரும் கூட்டிய மாநாட்டில் இந்த எண்கள் முன்வைக்கப்பட்டன. உணவு சேகரிப்போர் எந்நேரமும் பட்டினியின் விளிம்பில் நிற்பவர்கள், உழவு வந்த பிறகுதான் மனிதனுக்கு ஓய்வு கிடைத்தது என்ற எண்ணம் பாடநூல்களில் ஊறிப்போயிருந்த காலம் அது. அந்த எண்ணத்தை மாநாடு தலைகீழாக்கியது. தேவை குறைவு, அதை நிறைவேற்றும் வழி எளிது, ஆகவே இவர்களே முதல் செல்வந்தச் சமூகம் என்று மார்ஷல் சாலின்ஸ் அங்கே வாதிட்டார். நீங்கள் படித்தது பெரும்பாலும் அந்த வாதத்தின் எதிரொலியாக இருக்கும்.

அந்த வாதத்தில் ஓட்டைகள் இருந்தன. லீ முதலில் எண்ணியது முகாமை விட்டு வெளியே போய் உணவு தேடிய நேரத்தை மட்டும்தான். கொண்டுவந்த கொட்டையை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து உடைக்க வேண்டும்; விறகு பொறுக்க வேண்டும்; தண்ணீர் கொண்டுவர வேண்டும்; அம்பும் வில்லும் செய்ய வேண்டும்; சமைக்க வேண்டும். இவற்றையும் லீயே பின்னர் கணக்கிட்டுச் சேர்த்தார். அப்போது ஆண்களுக்கு வாரம் சுமார் 44 மணி நேரமும் பெண்களுக்குச் சுமார் 40 மணி நேரமும் வந்தன. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் என்ற எண் காணாமல் போய்விடுகிறது. இருந்தாலும் இதை ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் உழைப்பைக் கணக்கிடும்போது, அலுவலக நேரத்தை மட்டும் எண்ணி, சமையலையும் துணி துவைப்பதையும் விட்டுவிடுகிறோம். அவற்றையும் சேர்த்தால் ஜுஹோன்சிப் பெண்ணின் 40 மணி நேரம் குறைவாகத்தான் இருக்கும்.

இதே கேள்வியை வேறொரு வகையில் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் வாழும் ஆக்டா மக்களில் சில முகாம்கள் இன்னும் மீனும் காட்டுணவும் நம்பியிருக்கின்றன. சில முகாம்கள் நெல் சாகுபடிக்கு மாறிவிட்டன. மொழியும் உறவுமுறையும் ஒன்று, பிழைப்பு மட்டும் வேறு. உணவு சேகரிப்பையே நம்பியவர்கள் வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரம் வெளி உழைப்பில் ஈடுபட்டார்கள். உழவுக்கு மாறியவர்களுக்கு அது சுமார் 30 மணி நேரம். ஓய்வை அதிகமாக இழந்தவர்கள் பெண்கள். உழைப்பைப் பொறுத்தவரை லீயின் அடிப்படைக் கருத்து நிற்கிறது, அதை ஏந்திவந்த எண் நிற்கவில்லை என்பதே என் முடிவு.

குறைவான உழைப்பு என்றால் நலமான வாழ்வு என்று பொருளா? இதற்கு நான்சி ஹாவல் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் பதில் தேடினார். ஜுஹோன்சி யாருக்கும் தன் வயது தெரியாது. யார் யாருக்கு மூத்தவர், யாருக்கு இளையவர் என்பது மட்டும் எல்லோருக்கும் துல்லியமாகத் தெரியும். அந்த வரிசையை வைத்துக்கொண்டே அவர் ஒவ்வொருவரின் வயதையும் மதிப்பிட்டு, பிறப்பு இறப்புக் கணக்கைக் கட்டியெழுப்பினார். பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. பிறப்பின்போது எதிர்பார்க்கக்கூடிய சராசரி ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். இந்த 30 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, முப்பது வயதிலேயே கிழடு தட்டிச் செத்தார்கள் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. குழந்தைச் சாவுகள்தான் சராசரியை இப்படிக் கீழே இழுக்கின்றன. பல வேட்டைச் சமூகங்களின் தரவுகளை மைக்கேல் கர்வனும் ஹிலார்ட் கேப்லனும் 2007இல் தொகுத்தபோது, பிறந்தவர்களில் ஏறக்குறைய 57 சதவீதத்தினர் பதினைந்து வயதை எட்டுவது தெரிந்தது. வளர்ந்த பிறகு இறப்பு மிக அதிகமாக நிகழும் வயதோ எழுபதை ஒட்டி இருந்தது. முகாம்களில் தாத்தா பாட்டிகள் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி, புதைக்கப்பட்ட பேரக்குழந்தைகளின் நினைவும் இருந்தது. மருத்துவமனை இல்லாத வாழ்வை இன்பபுரியாகக் காட்டும் எவரும் அந்த 43 சதவீதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். வேட்டைச் சமூகம் என்றால் வில்லும் அம்பும் நம் கண்முன் வருகின்றன. அந்தச் சமூகத்தைத் தாங்கி நிற்பது வில் அல்ல, கொன்ற விலங்கை என்ன செய்வது என்பதற்கான விதிகள். சமத்துவம் அவர்களின் இயல்பு, கபடமற்ற குணம் என்று சொல்வது அவர்களுடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அது அவர்கள் நாள்தோறும் பாடுபட்டுக் காக்கும் ஏற்பாடு.

ஜுஹோன்சி வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு சின்னது, தைத்த இடத்தில் விலங்கைக் கொல்லும் வலு அதற்கு இல்லை. கொல்வது நஞ்சு. ஒருவகை வண்டின் புழுவைப் பிழிந்து எடுக்கும் அந்த நஞ்சை அம்பின் முனையில் தடவாமல், முனைக்குச் சற்றுப் பின்னால் தடவுவார்கள். தவறிக் கையில் குத்தினாலும் உயிர் போகக் கூடாதல்லவா? அம்பு பட்ட பெரிய மான் உடனே விழாது. மறுநாள் வரைகூட அடிச்சுவட்டைப் பின்பற்றிப் போக வேண்டியிருக்கும். விழுந்த விலங்கைப் பங்கிடும் பொறுப்பு அதை எய்தவருக்கு வருவதில்லை. முதலில் தைத்த அம்பு யாருக்குச் சொந்தமோ அவருக்கே வருகிறது. ஆண்கள் அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்தும் வாங்கியும் கொள்வதால், ஒருவரின் அம்புறாத்தூணியில் பலருடைய அம்புகள் இருக்கும். வேட்டைக்குப் போக முடியாத முதியவருக்கும் அம்பு உண்டு. ஒரு பெண்ணுக்கும் அம்பு இருக்கலாம். அந்த வழக்கத்தின் விளைவாக, குறி தவறாத வேட்டைக்காரனின் கையிலிருந்து இறைச்சியின் அதிகாரம் நழுவி ஊருக்குள் சிதறிப்போகிறது. 1950களிலிருந்து நமீபியப் பகுதியில் இவர்களுடன் தங்கிய லோர்னா மார்ஷல், இறைச்சி கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரை போவதை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்.

இதோடு நிற்பதில்லை. பெரிய விலங்கைக் கொன்றவன் ஊருக்குள் வந்து அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பேசாமல் வந்து நெருப்பருகே உட்கார வேண்டும். யாராவது கேட்டால், எதுவும் பெரிதாகக் கண்ணில் படவில்லை, சின்னதாக ஏதோ ஒன்று என்று சொல்ல வேண்டும். மறுநாள் இறைச்சி சுமக்கப் போகிறவர்கள், இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய் என்று வாய்விட்டுத் திட்டுவார்கள். லீக்கே இது நடந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு விருந்து கொடுக்க எண்ணி, கிடைத்ததிலேயே கொழுத்த ஒரு காளையை வாங்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் கிழட்டு மாடு, வெறும் எலும்பு, இதைத் தின்று பசியோடு படுக்கப் போகிறோம் என்றார்கள். அவர் மனமுடைந்துபோனார். வெட்டியபோது உள்ளே அத்தனை கொழுப்பு; ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒரு பெரியவர் அவருக்கு விளக்கினார்: இளைஞன் ஒருவன் நிறைய இறைச்சி கொன்றால் தன்னைத் தலைவன் என்றும், மற்றவர்களைத் தன் வேலைக்காரர்கள் என்றும் நினைக்கத் தொடங்குவான், அந்தச் செருக்கு ஒருநாள் யாரையாவது கொல்ல வைக்கும், ஆகவே அவனுடைய இறைச்சியை இகழ்கிறோம், அவன் நெஞ்சைக் குளிரவைத்து அவனைச் சாந்தமாக்குகிறோம். எந்த அரசியல் நூலிலும் இதைவிடத் தெளிவாக அதிகாரம் பற்றிப் படித்ததாக எனக்கு நினைவில்லை. உங்களுக்குத் தலைவர்கள் உண்டா என்று லீ கேட்டபோது, உண்டே, நாங்கள் ஒவ்வொருவரும் அவரவருக்குத் தலைவர்தான் என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

பகிர்வு என்றால் மனமுவந்து அள்ளிக் கொடுப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே ஆய்வு செய்த நிக்கோலஸ் பீட்டர்சன் 1993இல் இதைத் திருத்தினார்: பெரும்பாலான பகிர்வு கேட்டு வாங்கும் பகிர்வு. இருப்பதைக் கண்டால் கேட்பார்கள். கேட்டால் மறுப்பது கடினம். பாலி வீஸ்னர் ஜுஹோன்சி மக்களின் உரையாடல்களை வகைப்படுத்தியபோது, பகல்நேரப் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு குறைகூறலும் புகாரும் வம்புமாகவே இருந்தது. யார் பங்கு தரவில்லை, யார் ஒளித்து வைத்தான், யார் அதிகம் எடுத்துக்கொண்டான் என்று இடைவிடாத கண்காணிப்பு. இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்த பிறகு பேச்சு மாறிவிடும். இரவு உரையாடல்களில் 81 சதவீதம் கதைகள். தொலைவில் இருக்கும் உறவினர்கள், பழைய திருமணங்கள், பயணங்கள் பற்றிய கதைகள். பகலில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டே இருந்தவர்களை இரவு மீண்டும் சேர்த்து வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இத்தனை பாடு? ஏனென்றால் வேட்டை நம்பத்தக்கதல்ல. டோபேயில் நான்கு நாள் வேட்டைக்குப் போனால் ஒரு விலங்கு கிடைத்தது. தான்சானியாவின் ஏயாசி ஏரிக்கரையில் வாழும் ஹாட்சா மக்களிடம் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவர் தோழர்களும் எடுத்த கணக்கு இன்னும் கடுமை: பெரிய விலங்கைத் தேடிப் போகும் ஒருவருக்கு ஒரு நாளில் அது கிடைக்கும் வாய்ப்பு 3.4 சதவீதம். மாதம் ஒரு முறை என்று சொல்லலாம். கிடைத்த அன்றோ ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாத அளவு இறைச்சி. வெயிலில் அது தங்காது. இன்று நான் தருகிறேன், நாளை நீ தருவாய் என்ற காப்பீடாகவே பலரும் பகிர்வை விளக்குகிறார்கள். ஹாக்ஸ் இதை ஏற்கவில்லை. திறமையான வேட்டைக்காரர் தந்துகொண்டே இருக்கிறார், திறமையற்றவர் பெற்றுக்கொண்டே இருக்கிறார், கணக்கு ஒருபோதும் நேராவதில்லை. அப்படியானால் தருபவருக்குக் கிடைப்பது உணவல்ல, மதிப்பு என்றார் அவர். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அதே ஹாட்சா முகாம்களில், தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்தவுடன் மூத்த குழந்தையின் எடை பாட்டி தோண்டிவரும் கிழங்கையே சார்ந்திருப்பதை அவர் குழு கண்டது. மனித இனத்தில் பெண்கள் மகப்பேற்று வயது கடந்தும் நெடுங்காலம் வாழ்வதற்கே இதுதான் காரணம் என்ற கருதுகோள் அங்கிருந்து பிறந்தது. வில்லேந்திய ஆண்களைப் பார்க்கப் போனவர்கள், கூர்ங்கழியால் கெட்டித்தரையைக் குத்திக் கிழங்கு எடுக்கும் கிழவிகளைக் கண்டு திரும்பினார்கள். இந்தத் துறையில் என் மனதுக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது.

ஹாட்சா மக்களிடையே 1950களின் இறுதியில் வேலையைத் தொடங்கிய ஜேம்ஸ் உட்பர்ன், சமத்துவம் எங்கே நிலைக்கும் என்பதற்கு ஒரு விதி சொன்னார். அன்றன்று தேடியதை அன்றன்றே உண்டு, எதையும் சேமிக்காத சமூகங்களில் அது நிலைக்கிறது. உழைப்பின் பலன் மாதங்கள் கழித்து வரும் சமூகங்களில், அது வயலானாலும் மீன்பொறியானாலும், சொத்தும் வாரிசும் கட்டுப்பாடும் முளைக்கின்றன. அவர் இன்னொன்றும் கவனித்தார். ஒவ்வொரு ஹாட்சா ஆணிடமும் நஞ்சம்பு இருக்கிறது. எவ்வளவு வலியவனும் இரவில் தூங்கித்தான் ஆக வேண்டும். அடக்கியாள நினைப்பவனுக்கு அதுவே போதுமான எச்சரிக்கை. கொலை வரை போகத் தேவையும் இல்லை. பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு முகாமுக்குப் போய்விடலாம். எங்கே போனாலும் உறவு இருக்கும், உணவும் இருக்கும். தன்னை விட்டுப் போகக்கூடியவர்களை யாரும் ஆள முடியாது. உலகெங்கும் 32 வேட்டைச் சமூகங்களின் முகாம் பட்டியல்களைக் கிம் ஹில்லின் குழு 2011இல் அலசியபோதும் இதற்குச் சான்று கிடைத்தது. ஒரே முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் நெருங்கிய இரத்த உறவினர் அல்லர். மூடிய குலக்கூட்டம் என்று முன்பு வரையப்பட்ட படம் தவறு.

முகாமுக்கு வெளியேயும் ஜுஹோன்சி மக்கள் ஒரு வலை பின்னியிருந்தார்கள். தீக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணிமாலையை ஒருவர் தொலைவில் உள்ள நண்பருக்குத் தருவார். மாதங்கள் கழித்து வேறு ஏதாவது திரும்பி வரும். இதை ஹ்ஷாரோ என்பார்கள். மணிக்காக நடப்பதல்ல இது. தன் பகுதியில் மழை பொய்த்த ஆண்டில், 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தத் துணைவரின் நீர்நிலைக்குப் போய்த் தங்கும் உரிமை அந்த மாலையில் கோக்கப்பட்டிருந்தது. வீஸ்னர்தான் இதையும் ஆராய்ந்து வெளிப்படுத்தியவர்.

சண்டையே இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது. 1920க்கும் 1955க்கும் இடையே தன் ஆய்வுப்பகுதியில் நடந்த 22 கொலைகளை லீ விசாரித்துத் தொகுத்தார். லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 29 என்று வந்த அந்த விகிதம், அன்றைய அமெரிக்க நகரங்கள் பலவற்றைவிட அதிகம். வாய்ச்சண்டை கைகலப்பாகி, நஞ்சம்பு எட்டும் தூரத்தில் இருந்ததால் கொலையானவை பல. ஒரு நிகழ்வு மட்டும் வேறு மாதிரி. மூன்று பேரைக் கொன்ற ஒருவனை ஊரே ஒன்றுசேர்ந்து பட்டப்பகலில் அம்பெய்து வீழ்த்தியது. அவன் இறந்த பிறகு ஆண்களும் பெண்களும் வந்து உடலில் ஈட்டியால் குத்தினார்கள். பொறுப்பைக்கூட அவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பராகுவேயின் ஆச்சே மக்களிடையே, தந்தையை இழந்த குழந்தைகளைக் கொல்லும் வழக்கம் இருந்ததைக் கிம் ஹில்லும் மக்தலேனா உர்தாடோவும் பதிவு செய்திருக்கிறார்கள். படிக்கும்போது நெஞ்சு கனக்கும் பக்கங்கள் அவை. சமமாக வாழ்வதும் சாந்தமாக வாழ்வதும் ஒன்றல்ல.

பெண்கள் நிலை பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கலஹாரியில் எடைக்கணக்கில் உணவின் பெரும்பகுதி பெண்கள் சேகரித்தது. ஆக்டா பெண்கள் நாய்களோடு போய்ப் பன்றியும் மானும் வேட்டையாடியதை ஆக்னஸ் எஸ்தியோக்கோ-கிரிஃபின் காட்டினார். 2023இல் வெளியான ஒரு கட்டுரை, ஆராய்ந்த 63 சமூகங்களில் 79 சதவீதத்தில் பெண்கள் வேட்டையாடினார்கள் என்று சொல்லி உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதன் தரவுகளைத் திருப்பிப் பார்த்து, சமூகங்களைத் தேர்ந்தெடுத்த முறையிலும் வகைப்படுத்தலிலும் பிழைகள் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். பெண்கள் வேட்டையாடியது உண்மை, பெரிய விலங்கு வேட்டை பெரும்பாலும் ஆண்களிடம் இருந்ததும் உண்மை என்பதே இப்போதைக்குத் தரவு தாங்கும் முடிவு.

உட்பர்னின் விதிக்கு மறுபக்கம் வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை. ஆண்டுதோறும் ஆற்றில் ஏறும் சால்மன் மீனைப் பிடித்து உலர்த்திச் சேமித்த க்வாக்வக்கவக்கு, ஹைடா, திலிங்கிட் மக்கள் உழவே செய்யாதவர்கள். அவர்களிடம் பரம்பரைப் பிரபுக்கள் இருந்தார்கள், போரில் பிடித்த அடிமைகளும் இருந்தார்கள். ஆகவே, வேட்டைச் சமூகம் என்றாலே சமத்துவம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சேமிப்பறை எங்கே வந்ததோ அங்கே மேல் கீழும் வந்தது.

இன்னொரு பெரிய விவாதம் உண்டு: இவர்கள் நம் ஆதி முன்னோரின் உயிருள்ள மாதிரியா? இல்லை என்று எட்வின் வில்ம்சன் 1989இல் கடுமையாக வாதிட்டார். கலஹாரியில் பல நூற்றாண்டுகளாக மாடு வளர்ப்பவர்களும் வணிகமும் இருந்திருக்கின்றன. ஜுஹோன்சியையும் உள்ளடக்கிய சான் மக்கள் அந்தப் பொருளாதாரத்தில் கீழே தள்ளப்பட்டவர்கள். வேட்டை அவர்களின் தொன்மை அல்ல, வறுமை என்றார். லீயும் மத்தியாஸ் குவெந்தரும் டோபேயின் தனிமைக்கான ஆதாரங்களோடு மறுத்தார்கள். டோபே பற்றிய குறிப்பான விஷயத்தில் லீயின் பக்கம் வலுவாக இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனாலும் வில்ம்சனின் கேள்வி துறைக்கு நல்லதே செய்தது. அதன் பிறகு எந்த ஆய்வாளரும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சந்தைகளையும் கணக்கில் எடுக்காமல் காட்டைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே பாடம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பளியர்களுடன் தங்கிய பீட்டர் கார்ட்னர், அவர்கள் யாரும் யார்மீதும் அதிகாரம் செலுத்தாமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டார்கள் என்று வியந்து எழுதினார். சண்டை மூளும் என்று தெரிந்தால் ஒருவர் விலகிப் போய்விடுவார். அதே பளியர்கள் தேனையும் மலைச்சரக்கையும் சமவெளி வணிகர்களிடம் கொடுத்து அரிசியும் இரும்பும் வாங்கியவர்கள். காட்டுக்குள் ஒதுங்கிய தனி உலகம் அல்ல அது. நீலகிரி, வயநாடு பகுதியின் காட்டுநாயக்கர்களோடு வாழ்ந்த நூரித் பேர்ட்-டேவிட், அவர்கள் காட்டைப் பிள்ளைகளுக்கு ஊட்டும் தாய் தந்தையாகவே பேசுவதைக் கவனித்தார். தாய் தந்தையிடம் கேட்பது பிள்ளையின் உரிமை. உடன்பிறந்தவர்களிடம் பங்கு கேட்பதும் அதன் தொடர்ச்சி.

டோபேயில் இந்த ஏற்பாடு எப்படி நலிந்தது என்பதையும் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தொல்லியலாளர் ஜான் யெல்லன் முகாம்களின் தரைப்படங்களைப் பல ஆண்டுகள் வரைந்துவந்தார். முதலில் குடிசைகள் நெருக்கமாக, வாசல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, அடுப்பு வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. ஆடு மாடும் கூலிப்பணமும் கடைப்பொருளும் வந்த 1970களில் குடிசைகள் விலகின. வாசல்கள் திசை மாறின. அடுப்பு உள்ளே போனது. பூட்டுப் போட்ட பெட்டிகள் வந்தன. கண்ணில் படாததைக் கேட்க முடியாது. நமீபியப் பக்கத்தில் தென்னாப்பிரிக்க ராணுவம் சான் ஆண்களைச் சிப்பாய்களாகச் சேர்த்துச் சம்பளம் கொடுத்தபோது, இதே மாற்றம் சாராயத்தோடும் அடிதடியோடும் இன்னும் வேகமாக நடந்தது.

நிலத்தை இழந்தவர்கள் அதிகம். போட்ஸ்வானாவின் மத்தியக் கலஹாரி வனவிலங்குக் காப்பகம் 1961இல் உருவானபோது அங்கே வாழும் மக்களுக்கும் இடம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. 1997இலும் 2002இலும் அரசே அவர்களை வெளியேற்றியது. வழக்கு நடந்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் உரிமைக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2011இல் தான்சானிய அரசு ஹாட்சா மக்களின் ஒரு பகுதி நிலத்துக்குச் சமூக உரிமைப் பத்திரம் வழங்கியது. நமீபியாவில் ஞாயே ஞாயே என்ற இடத்தில் வாழும் ஜுஹோன்சி மக்கள் 1998 முதல் தங்கள் பகுதியைச் சட்டப்படி பதிவான காப்புப்பகுதியாக நிர்வகிக்கிறார்கள்; பழைய முறை வில்லம்பு வேட்டைக்கு அங்கே அனுமதி உண்டு.

ஆய்வாளர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு இன்று வேறொரு பதிலும் சேர்ந்திருக்கிறது. பசியை அடக்க சான் மக்கள் மெல்லும் ஹூடியா என்ற சதைப்பற்றுச் செடியின் வேதிப்பொருளுக்கு 1990களில் தென்னாப்பிரிக்க ஆய்வு நிறுவனம் காப்புரிமை பெற்றது. அறிவு யாருடையதோ அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் போராடி, 2003இல் வருவாயில் பங்கு தரும் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 2017இல் தென்னாப்பிரிக்க சான் அமைப்புகள் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டன. மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, செயல்முறை என்ற தலைப்புகளின் கீழ் அது கேட்பவை நேரடியானவை: வருவதற்கு முன் எங்கள் அவையிடம் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் பெறுங்கள், எங்கள் படங்களை எங்களைக் கேட்காமல் வெளியிடாதீர்கள், கண்டறிந்ததை அச்சேற்றும் முன் எங்களுக்குச் சொல்லுங்கள், பயன் கிடைத்தால் அதில் எங்கள் பங்கைக் கொடுங்கள்.